சட்டம் போச்சு, ஏடு போகலை: சீர்மரபினர் மேல் விழும் சந்தேகக் கைதுகள்

கரட்டுமேடு:
பூட்டிய வீட்டில் நகை போகிறது. எஃப்.ஐ.ஆரில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதியிருக்கும். ஆனால் மறுநாள் விடியுமுன்னே ஜீப் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் குறவர் குடியிருப்பு. குறவர் உட்படச் சில சமூகங்களையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31 அன்று. அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டவர்களைத்தான் சீர்மரபினர் என்கிறோம். சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1947-இல் எடுத்தாயிற்று. பிறகும் இது எந்தக் காகிதத்தின் பலத்தில் நடக்கிறது? ஆளைப் பிடித்துப் போன முதல் நாளில் வீட்டார் என்ன செய்ய வேண்டும்? இதை ஒரே இழையில் தொகுத்து வைக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்தப் பிரிவு, எந்த அலுவலகம், எந்த இடத்தில் காரியம் கெடும் என்பதுதான் வேண்டும்.

ரேகைநாமா:
முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது வேண்டும்.

1871-இல் வட இந்தியாவுக்காகக் கொண்டுவந்த சட்டம். 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஒரு கூட்டத்தையே "குற்றப் பழங்குடி" என்று அரசு அறிவிக்கலாம், அந்த அறிவிப்பு சரியா தவறா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. இதுதான் அதன் முதுகெலும்பு. அறிவித்த பிறகு ஏடு போடுவார்கள், கைரேகை எடுப்பார்கள். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இதை "ரேகைச் சட்டம்" என்றுதான் சொல்வார்கள். இரவில் ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் அதுவே குற்றம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

குறவர்கள் எப்படி இந்தப் பட்டியலில் வந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உப்புக் குறவர் என்ற பெயரே தொழிலைச் சொல்லும். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது. ரயில் வந்தது. பொதி வியாபாரம் படுத்தது. தொழில் போய், ஊர் ஊராய் நடப்பது மட்டும் மிச்சமாக நின்றபோது, அந்த நடையையே சந்தேகத்துக்குரியது என்று எழுதிவிட்டார்கள்.

இன்னொன்று. நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. நரிக்குறவர் பேசுவது வாக்ரி போலி. அவர்களின் வேட்டைத் தொழிலை அடைத்தது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதைச் செய்திகளிலும் பார்க்கலாம், கைதுப் படிவங்களிலும் பார்க்கலாம்.

செவ்வந்தி77:
மாற்றுக் கருத்து ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்பு இல்லாத வழக்கில் போலீஸ் எங்கிருந்தாவது தொடங்கித்தானே ஆக வேண்டும்? ஏற்கெனவே வழக்கு உள்ளவர்களை முதலில் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அதைச் சாதி பார்ப்பது என்று எப்படிச் சொல்வது?

பழையஏட்டு:
செவ்வந்தி, உங்க கேள்வி நியாயமானதுதான். பதில் அந்த "ஏற்கெனவே வழக்கு உள்ளவர்" என்பதற்குள்ளேயே இருக்கு. அந்த வழக்கு எப்படி வந்துச்சுன்னு பாருங்க.

மாசாமாசம் குற்ற ஆய்வுக் கூட்டம். நிலையத்தில் எத்தனை வழக்கு பதிவாச்சு, எத்தனை துப்பு துலங்குச்சு, எத்தனை சவரன் மீட்டீங்க, மூணு கேள்வி. துலங்காத வழக்கு பத்து பன்னிரண்டு சேர்ந்துபோனா நெருக்கடி. நிலையத்தில் குற்ற வரலாற்று ஏடுகள் இருக்கும், சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட், ஆளுக்கொரு கண்காணிப்பு ஏடு) இருக்கும். அதிலிருந்து ஓர் ஆளைத் தூக்குறது. நிலையத்துக்கே கொண்டுவராம லாட்ஜ், மண்டபம்னு வேற எங்கேயாவது ரெண்டு மூணு நாள் வைக்கிறது. அந்த நாட்கள் எந்த ஏட்டிலும் வராது. அப்புறம் ஒப்புதல் வாக்குமூலம். ஒரு வழக்குக்குப் பிடிச்ச ஆள், வாக்குமூலத்தில் ஆறு வழக்கை ஒத்துக்கிட்டதா இருக்கும். ஆறும் "துலங்கியது" ஆயிடும்.

இப்ப அந்த ஆள் மேல ஆறு வழக்கு. அடுத்த திருட்டு நடக்கும்போது "இவன் மேல ஏற்கெனவே ஆறு இருக்கு" என்பது உண்மை. அவன் தம்பி, மச்சான் எல்லாம் "கூட்டாளிகள்". ஏடுதான் வழக்கை உண்டாக்குது. அந்த வழக்கு திரும்ப ஏட்டுக்குப் போகுது. நீங்க சொல்ற நடைமுறை இந்தச் சக்கரத்தை முதல் தடவையா சுத்திவிட்டது எதுன்னு கேக்காது. முதல் சுத்து 1911-லேயே சுத்தியாச்சு.

"கேடி"ங்கிற சொல்லைத் திட்டா மட்டும்தான் நமக்குத் தெரியும். அதுவே போலீஸ் ஏட்டுச் சுருக்கெழுத்திலிருந்து தெருவுக்கு வந்த சொல்தான்.

குறுக்குவிசாரணை:
பழையஏட்டு சொன்னதை உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட சொல்லிவிட்டது. 2024 மே 7, அமானதுல்லா கான் வழக்கு. விமுக்த சாதியினர் (சீர்மரபினர்) மேல் சாதி வெறுப்பு ஒன்றை வைத்தே போலீஸ் ஏடுகள் பராமரிக்கப்படுவதாக வரும் குற்றச்சாட்டைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. பின்தங்கிய, பட்டியலினப் பின்னணி என்பதற்காக இயந்திரத்தனமாக யார் பெயரையும் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, குடும்பத்துச் சிறார் பெயரைச் சேர்க்கக் கூடாது, மூத்த அதிகாரி ஒருவர் இந்த ஏடுகளை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். டெல்லி போலீஸுக்கான இந்த விதிகளை எல்லா மாநிலங்களும் பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம்.

அதே ஆண்டு அக்டோபர் 3, சுகன்யா சாந்தா வழக்கு. அது சிறைகளைப் பற்றியது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்பட்டது. கைதிகளின் பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தையே நீக்கச் சொன்னார்கள். "வழக்கமான குற்றவாளி" என்ற சொல்லை அதற்கான சட்டத்தின் வரையறைக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்றார்கள். சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படி போலீஸுக்கும் உத்தரவு இருக்கிறது. மனு எழுதும்போது இந்த இரண்டு தீர்ப்புகளையும் தேதியோடு சேர்த்து எழுதுங்கள். பல கீழ் நீதிமன்றங்களில் இவற்றை யாரும் எடுத்துக் காட்டுவதே இல்லை.

கரட்டுமேடு:
தோழர், அந்த முதல் நாள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? வீட்டில் இருப்பது மனைவியும் வயதான தாயும் என்று வைத்துக்கொள்வோம்.

குறுக்குவிசாரணை:
சொல்கிறேன். புதிய குற்ற நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. எண்கள் அதன்படி.

வண்டி கிளம்பியதும் முதல் வேலை 112-க்கு அழைப்பது. அந்த அழைப்பு, நேரத்தோடும் எண்ணோடும் பதிவாகிவிடும். "இத்தனை மணிக்கு, இந்த ஊரில், இந்தப் பெயருள்ளவரை, போலீஸ் என்று சொல்லி இத்தனை பேர் கூட்டிப்போனார்கள், எந்த நிலையம் என்று சொல்லவில்லை" என்று சொன்னால் போதும். முன்பெல்லாம் தந்தி கொடுப்பார்கள், தந்தி ரசீதே சாட்சி. 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையைச் செய்வது 112 அழைப்பும் மின்னஞ்சலும்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அதே நான்கு வரியை மின்னஞ்சல் செய்யுங்கள். விரைவுத் தபாலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி எண், சீருடையா மப்டியா, பெயர்ப்பட்டை இருந்ததா, எல்லாம் ஒரு தாளில். கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிய வேண்டும் என்பது பிரிவு 36.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், 24 மணி நேரக் கணக்கு (பிரிவு 58) எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. செவ்வாய் விடியற்காலை தூக்கிய ஆளை வெள்ளி மதியம் "பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றவரை" கைது செய்ததாகக் காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமையின் 112 பதிவு கையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக் கதை நிற்காது.

அடுத்தது கைதுக் குறிப்பாணை. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கப் படிவம்தான். பெயர், வழக்கு எண், இடம், நாள், நேரம், சாட்சி கையெழுத்து, கைதானவர் கையெழுத்து. 1996 டி.கே.பாசு தீர்ப்பும் பிரிவு 36-உம் சொல்வது, சாட்சி குடும்பத்தாராகவோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று. நடைமுறையில் மூன்று இடத்தில் கோளாறு வரும். நேரம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு ரேகை வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புவார்கள். சாட்சி, நிலையத்துக்கு எப்போதும் கையெழுத்துப் போடுகிற அதே ஆளாக இருப்பார். அவர் பெயரை அதே நிலையத்தின் வேறு வழக்குகளில் தேடிப் பாருங்கள், குறுக்கு விசாரணையில் அது பெரிய ஆயுதம். மூன்றாவது, படிவத்தோடு சேர்த்து வெற்றுத் தாள்களிலும் ரேகை. பின்னாளில் அவைதான் வாக்குமூலமாகவும் மகஜராகவும் (பொருளைக் கைப்பற்றியதற்கான பத்திரம்) மாறும். ஆகவே "என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள், வெறும் தாளில் ரேகை வைக்க மாட்டேன்" என்ற ஒரு வாக்கியத்தைக் குடியிருப்பில் சின்னப் பையன்வரை சொல்லிவைக்க வேண்டும். கைதுக்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் வந்த விஹான் குமார் தீர்ப்புக்குப் பிறகு, காரணத்தைச் சரியாகத் தெரிவிக்காத கைதே செல்லாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) பிரிவு 23 அது. ஆனால் அதே பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு ஏற்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுதான் இது. "ரெக்கவரி" இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். அடகுக் கடைக்கு அழைத்துப்போய், அங்கே கிடைத்த ஏதோ நகையை மீட்டதாக எழுதுவார்கள். இப்போது தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒளி, ஒலிப் பதிவு செய்தாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105). பதிவு எங்கே என்று முதல் நாளிலிருந்தே கேளுங்கள்.

நிலாமுற்றம்:
"ஆளே எங்ககிட்ட இல்லை" என்று நிலையத்தில் கையை விரித்தால்?

குறுக்குவிசாரணை:
பிரிவு 37-இன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலையத்திலும் கைதானவர் விவரம் வைத்திருக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும், பெயர்ப் பட்டியல் வெளியே தெரிய வேண்டும். முதலில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தின் முன் நிறுத்தச் சொல்லும் மனு). மனைவி, தாய், நண்பர் யாரும் போடலாம். மின்னஞ்சல் நகலும் தபால் ரசீதும் இணைப்பு. கவனம்: மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் (காவலில் வைக்க உத்தரவிட்டால்) சாதாரணமாக இந்த மனு நிற்காது. அதனால்தான் நேரம் முக்கியம்.

1993-இல் கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் நிலைய வழக்கில் நடந்தது இதுதான். திருட்டுச் சந்தேகத்தில் கூட்டிப்போன குறவர் ஒருவர் "தப்பி ஓடிவிட்டார்" என்றது போலீஸ். மனைவி போட்ட ஆட்கொணர்வு மனுதான் அந்தக் கதையைக் கிளறியது. பக்கத்து மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் அவர்தான் என்று வெளிவந்தது. மனு போகாதிருந்தால் ஏட்டில் அவர் இன்றைக்கும் "தலைமறைவு"தான்.

பழையஏட்டு:
வெளி மாநில போலீஸ் வந்து தூக்குறது தனிச் சிக்கல். உள்ளூர் நிலையத்துக்குச் சொல்லியிருக்கணும். 24 மணி நேரத்துக்குள்ள அவங்க நீதிமன்றத்தில் நிறுத்த முடியாதுன்னா இங்கே பக்கத்து மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தி டிரான்சிட் ரிமாண்ட் (வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோக உத்தரவு) வாங்கணும். அதனால உள்ளூர் நிலையத்தில் உடனே எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததுக்கான ஒப்புகை) வாங்குங்க. "அவங்க சொல்லிட்டுத்தான் போனாங்க"ன்னு சொன்னா, அதை எந்த ஏட்டில் எழுதியிருக்குன்னு கேளுங்க.

நிலாமுற்றம்:
பெண்களுக்கும் சிறுவருக்கும் உள்ளதையும் சேர்த்துவிடுகிறேன். சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கு வேண்டுமானால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் (பிரிவு 43). கணவன் கிடைக்கவில்லை என்று மனைவியை விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்வது பிரிவு 179-க்கு விரோதம். சாட்சியாக விசாரிப்பதென்றாலும் பெண்ணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே, போலீஸ் இரவில் கூட்டிப்போன இருளர் பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தது நினைவில் இருக்கும்.

18-க்குக் கீழே என்றால் லாக்கப்பே கூடாது. ஆனால் வயதை நிரூபிக்க முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றை, அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றை. இரண்டும் இல்லை என்றால் எலும்புப் பரிசோதனை. அதில் ஓரிரு வயது முன்பின் ஆகும், 17 வயதுப் பையன் 19 ஆகிவிடுவான். பிறந்து ஓராண்டு கடந்த பிள்ளைகளுக்கும் தாமதப் பதிவு உண்டு. 2023 திருத்தத்துக்குப் பிறகு வருவாய்த் துறையில் அதிகாரம் பெற்ற அலுவலரின் ஆணை வாங்க வேண்டும். கைது நடக்கும்வரை காத்திருக்காமல் குடியிருப்பு முழுமைக்கும் ஒரே முகாமில் இதை முடித்து வைப்பது நல்லது.

குறுக்குவிசாரணை:
ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட் முன்னால் வாயைத் திறப்பதுதான் மிகக் கடினம். "சொன்னால் இன்னும் நாலு கேஸ்" என்று மிரட்டித்தான் கொண்டுவந்திருப்பார்கள். எந்த நாள் பிடித்தார்கள், எங்கே வைத்தார்கள், எங்கே வலிக்கிறது, இந்த மூன்றையும் சொன்னால் போதும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரிமை (பிரிவு 53). இலவச வக்கீலுக்கு 15100.

பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத சுருக்கு. முதல் வழக்கில் ஜாமீன் கிடைக்கும் நேரத்தில், சிறையில் இருப்பவரை பி.டி. வாரண்டில் (சிறையிலிருந்து வேறு வழக்குக்கு ஆஜர்படுத்தும் உத்தரவு) அடுத்த வழக்கில் கைது காட்டுவார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனி ஜாமீன், தனியாக இரண்டு ஜாமீன்தாரர். சொந்த வீட்டு வரி ரசீது உள்ள ஒருவர் கிடைப்பதே அரிதான குடியிருப்பில் ஆறு வழக்குக்குப் பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி வழக்கில், பல வழக்குகளுக்கும் அதே ஜாமீன்தாரர்களை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதைக் காட்டிக் கேளுங்கள். ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்ற 2023 ஜனவரி உத்தரவும் உண்டு.

இதைவிட மோசம் பிரிவு 479. முதல் குற்றம் என்றால் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு சிறையில் கழிந்ததும் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்கிறது. ஆறு வழக்கை ஒரே வாக்குமூலத்தில் கோத்த மனிதருக்கு அந்தக் கதவு அப்போதே அடைபட்டுவிட்டது. சட்டத்தில் எங்கும் சாதிப் பெயர் இல்லை, ஆனால் அடிபடுவது யார் என்று பாருங்கள்.

செவ்வந்தி77:
இந்த 479 விவரம் எனக்குத் தெரியாது. முதலில் கேட்டதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொரு சந்தேகம்: பொய் வழக்கு என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போக முடியாதா?

தாலுகாபடிக்கட்டு:
அங்கேதான் சாதிச் சான்று குறுக்கே நிற்கிறது. பொய்யாகவோ உள்நோக்கத்தோடோ வழக்குத் தொடுப்பது அந்தச் சட்டத்தின் 3(1)(பி)-இல் குற்றம். கடமை தவறும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4. ஆனால் இரண்டும் பட்டியல் சாதி, பழங்குடிக்கு மட்டும்.

குறவர் நிலை என்ன? "குறவன், சித்தனார்" பட்டியல் சாதியில். "மலைக்குறவன்" பழங்குடியில். உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், தோகைமலைக் குறவர், இஞ்சிக் குறவர் என்று பல பெயர்கள் 68 சமூகங்கள் கொண்ட சீர்மரபினர் பட்டியலில். அதிலும் பல பெயர்களுக்குப் பக்கத்தில் மாவட்டம் எழுதியிருக்கும், அந்த மாவட்டம் தாண்டினால் சான்று கிடையாது. வேலை தேடி நடந்தே பழகிய சமூகத்துக்கு மாவட்ட எல்லை போட்ட பட்டியல். அண்ணனுக்கு ஒரு சான்று, தம்பிக்கு வேறு சான்று என்ற நிலை வருவது இதனால்தான். ஒரே லத்தி அடி. ஆனால் ஒருவர் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் தரலாம், மற்றவர் தர முடியாது.

நடைமுறை: பட்டியல் சாதி, சீர்மரபினர் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர்தான். நரிக்குறவர், குருவிக்காரரைப் பழங்குடியில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய சான்றை வைத்திருப்பவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவையில் போடும்போது தந்தை வழி உறவினர் ஒருவரின் சான்றையும் பள்ளி மாற்றுச் சான்றையும் இணையுங்கள். பள்ளியில் வாத்தியார் "குறவர்" என்று பொதுவாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் விண்ணப்பம் திரும்பும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்காமல் வரக் கூடாது, மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

சீர்மரபினர் சான்றில் ஒன்றிய அரசுக்கு "பழங்குடியினர்" என்ற சொல் வேண்டும், மாநிலத்தில் அதை "சமூகத்தினர்" என்று 1979-இல் மாற்றிவிட்டார்கள். 2019-இல் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று என்றார்கள், 2024-இல் ஒரே சான்று என்று மாற்றினார்கள். சீர்மரபினருக்கான ஒன்றிய அரசின் சீட் (SEED) நலத்திட்டம் 2022 பிப்ரவரியில் தொடங்கியது. நாடு முழுக்க, ஐந்து ஆண்டுக்கு 200 கோடி ரூபாய். பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீடு நான்கும் அதற்குள். எத்தனை பேருக்கு எட்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நிலாமுற்றம்:
கேமரா பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்லா நிலையத்திலும் இருக்கிறதல்லவா?

பழையஏட்டு:
2020 டிசம்பர் 2 பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு. வாசல், லாக்கப், வராந்தா எல்லாத்திலும் ஒலியோட கேமரா. பதிவை 18 மாசம் வைக்கணும், வசதியே இல்லாத இடத்தில்கூட ஒரு வருசத்துக்குக் குறையக் கூடாது. ஆனா அதே வருசம் ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன ஆச்சு? வன்தட்டில் இடம் இருந்தும் ஒவ்வொரு நாள் பதிவும் தானா அழியற மாதிரி அமைச்சிருந்ததா மாஜிஸ்திரேட் அறிக்கை சொல்லுச்சு.

அதனால, ஆளைக் கூட்டிப்போன அன்னிக்கே கண்காணிப்பாளருக்கு அனுப்புற மின்னஞ்சலில் கடைசி வரியா இதையும் சேருங்க: "இன்ன நிலையத்தின் இன்ன தேதி இன்ன மணி முதல் உள்ள கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்." ரிமாண்ட் அன்னிக்கு அதே வரியை மனுவா நீதிமன்றத்திலும் கொடுங்க. தகவல் உரிமை மனு அப்புறம் போகட்டும், அதுக்கு 30 நாள் ஆகும். லாட்ஜில வச்சிருந்ததா தெரிஞ்சா, அந்த லாட்ஜ் கேமராவுக்கும் எதிர்க்கடை கேமராவுக்கும் அன்னிக்கே ஓர் ஆளை அனுப்புங்க. கடைக் கேமரா பெரும்பாலும் சில வாரத்தில் தன்மேலயே எழுதிக்கும்.